கான்கி முரண்டு பிடிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

திரையின் ஓரத்தில் சிபியு, நினைவகம், வெப்பநிலை, இணைய வேகம் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்த கான்கி என்ற லினக்ஸ் நிரல் நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று பாதி எண்களைக் காணோம், அல்லது ஆளையே காணோம். உடனே அதன் அமைப்புகள் இருக்கும் கன்ஃபிக் கோப்பைத் திறந்து கைக்கு வந்ததை மாற்ற ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. கான்கி சொந்தமாக எதையும் அளப்பதில்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் ‘ப்ராக்’, ‘சிஸ்’ என்ற இரண்டு அடைவுகளின் வழியே தரும் எண்களைப் படித்து வரைகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். ஆகவே கோளாறு என்றால் படிக்கும் இடம் மாறியிருக்கும், இல்லையேல் வரையும் இடம் மாறியிருக்கும். எது என்று தெரிந்துகொள்ளாமல் கோப்பில் கை வைத்தால் இருந்த ஒரு பிழை இரண்டாகும்.

தெரிந்துகொள்ள எளிய வழி, ஓடிக்கொண்டிருக்கும் கான்கியை நிறுத்திவிட்டு, கட்டளைகள் தட்டும் டெர்மினலில் இருந்து கிளப்புவது. மெனுவிலிருந்து கிளப்பினால் அது சொல்லும் புகார்கள் நம் கண்ணில் படாது. நிறுத்தாமல் கிளப்பினாலோ ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கான்கி ஓடும். எழுத்துகள் தடித்தும் சிமிட்டியும் தெரியும். நான் ஒரு மாலை முழுவதும் எழுத்துருவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் உள்ளே மூன்று கான்கி ஓடிக்கொண்டிருந்தன.

டெர்மினல் சொல்வதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2015இல் வந்த 1.10 பதிப்பு முதல் கான்கியின் கன்ஃபிக் லுவா என்ற நிரல்மொழிக்கு மாறிவிட்டது. ஒரு வரியின் கடைசியில் கமா விட்டுப்போனாலும், ‘இது பழைய வடிவக் கோப்பு போலிருக்கிறது, மாற்றிப் பார்க்கிறேன்’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அதைப் படித்துவிட்டுப் பழைய கோப்பை மாற்றித் தரும் கருவியைத் தேடி ஓடுபவர்கள் உண்டு. செய்தியின் முன்பாதியில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எண் இருக்கும். முதலில் அந்த வரியையும் அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள். பெரும்பாலும் கமா, அல்லது மூடாத மேற்கோள் குறி.

எண்கள் வராமல் போவதற்குப் பெரிய காரணம் அடுத்தவர் கன்ஃபிக்கை அப்படியே எடுத்து ஒட்டுவது. அவருடைய கணினியில் நெட்வொர்க் கார்டின் பெயர் ‘ஈத்0’ என்று இருந்திருக்கும். லினக்ஸைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பு 2013இல் வெளிவந்தது முதல், கார்டு எந்த இடத்தில் செருகப்பட்டிருக்கிறதோ அதை வைத்துப் பெயர் அமைவது வழக்கமாகிவிட்டது. ‘ஐபி லிங்க்’ கட்டளை கொடுத்து உங்கள் கணினி சொல்லும் பெயரை எழுதுங்கள். இல்லாத பெயரைக் கொடுத்தால் வேகம் பூஜ்ஜியமாகவே நிற்கும், பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெப்பநிலையில் இதைவிட மோசம். சென்சார்களுக்குக் கெர்னல் போடும் எச்டபிள்யூமான் எண்கள் நிலையானவை அல்ல. இன்று 2 என்று இருப்பது நாளை ரீபூட் செய்த பிறகு 3 ஆகலாம். அப்போது சிபியு சூடு என்று எழுதியிருக்கும் இடத்தில் எஸ்எஸ்டியின் சூடு தெரியும். 38 டிகிரிதானே என்று நாமும் நிம்மதியாக இருப்போம். எண்ணைக் கொடுக்காமல் சென்சாரின் பெயரைக் கொடுங்கள்: இன்டெல் என்றால் ‘கோர்டெம்ப்’, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ‘கே10டெம்ப்’. நேரடியாகக் கோப்பைப் படிப்பவர்களுக்கு இன்னொன்று: அங்கே 45000 என்று இருந்தால் அது 45 டிகிரி. ஆயிரத்தால் வகுக்க வேண்டும்.

இனி வரையும் இடம். டெஸ்க்டாப்பைக் கிளிக் செய்ததும் கான்கி மறைந்தால் கன்ஃபிக்கில் உள்ள ஜன்னல் வகையை மாற்றிப் பாருங்கள். ஒரு டெஸ்க்டாப் சூழலில் சரியாக இருக்கும் வகை இன்னொன்றில் ஒத்துவராது. சிமிட்டல் என்றால், மறைவில் வரைந்து முடித்த பிறகே திரையில் காட்டும் டபுள் பஃபரை இயக்குங்கள். பின்னணி கறுப்பாக வந்தால், ஜன்னல்களை ஒன்றோடொன்று கலந்து காட்டும் கம்போசிட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் முன்பாக, திரையில் ஜன்னல்களைக் காட்டும் அமைப்புகளில் நீங்கள் பழைய எக்ஸ்11இல் இருக்கிறீர்களா புதிய வேலண்டிலா என்று பார்த்துவிடுவது நல்லது. கான்கி எக்ஸ்11க்காகப் பிறந்தது. உங்கள் லினக்ஸ் தொகுப்பான டிஸ்ட்ரோவைப் புதுப்பித்ததும் செஷன் சத்தமில்லாமல் வேலண்டுக்கு மாறியிருந்தால், பழைய ஜன்னல் அமைப்புகள் பழையபடி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

தேதியைத் தமிழில் காட்ட ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ் எழுத்துரு இருந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். எக்ஸ்11இல் கான்கி பயன்படுத்தும் எக்ஸ்எஃப்டி நூலகம் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காது. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

கணினி தொடங்கும்போதே வரவழைப்பதில் நடக்கும் தவறு வேறு மாதிரி. டெஸ்க்டாப் முழுதாக எழும் முன் கான்கி வந்தால் அதன் மேல் வால்பேப்பர் படிந்துவிடலாம். அதனால் பத்து விநாடி காத்திருக்கச் சொல்லி, ‘ஸ்லீப் 10’ போட்டு இரண்டு ஆம்பர்சண்ட் குறியுடன் ஆட்டோஸ்டார்ட் கோப்பில் எழுதுவார்கள். டெர்மினலில் ஓடும் அதே வரி அங்கே ஓடாது. அந்தக் கோப்பைப் படிப்பது, டெர்மினலில் நம் கட்டளைகளைப் புரிந்து இயக்கும் ஷெல் அல்ல. கான்கிக்கே ‘பாஸ்’ என்ற தேர்வு இருக்கிறது, அதில் 10 என்று கொடுத்தால் போதும்.

எண் சரியாக வந்தும் தவறாகப் புரிந்துகொள்வது தனிக்கதை. லோட் ஆவரேஜ் சதவீதம் அல்ல, ஓடும் வேலைகளும் ஓடக் காத்திருக்கும் வேலைகளும் சராசரியாக எத்தனை என்ற எண்ணிக்கை. வட்டுக்காகக் காத்துக் கிடக்கும் வேலைகளையும் லினக்ஸ் அதில் சேர்த்துவிடுகிறது. சிபியு சும்மா இருக்க லோட் மட்டும் ஏறி நிற்பது அதனால்தான். நினைவகம் தீர்ந்துவிட்டதோ என்று பயந்தால் ‘ஃப்ரீ’ என்ற எண்ணை விட்டுவிட்டு ‘அவைலபிள்’ என்பதைப் பாருங்கள். தற்காலிகச் சேமிப்பான கேஷுக்குப் போன நினைவகத்தில் பெரும்பகுதி கேட்டால் திரும்பி வரும்.

கடைசியாக, புதுப்பிக்கும் இடைவெளி. வேகமாகத் துள்ளினால் அழகு என்று 0.1 விநாடி வைப்பார்கள். ப்ராக் அடைவில் சிபியு நேரம் விநாடிக்கு 100 துளிகளாக எண்ணப்படுகிறது. 0.1 விநாடியில் சிபியுவின் ஒரு கோருக்குக் கிடைப்பது பத்தே துளிகள், ஆகவே அந்தக் கோரின் சதவீதமும் பத்துப் பத்தாகத்தான் குதிக்கும். ஒரு விநாடி, இரண்டு விநாடி தாராளம். கூடவே ‘எக்ஸெக்’ போட்டு அழைக்கும் ஸ்கிரிப்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அவை ஒவ்வொன்றும் புதிதாக ஓடும். நாளுக்கு இரண்டு முறை மாறும் தகவலுக்கு ‘எக்ஸெக்ஐ’ போட்டு நீண்ட இடைவெளி கொடுக்கலாம். கொடுக்காவிட்டால், அதிக சிபியு தின்னும் நிரல்கள் என்று கான்கி காட்டும் பட்டியலில் கான்கியே முதலிடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.