மிக்ஸி தேவைப்படாத அவகாடோ டிப்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

அவகாடோ டிப் செய்வதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் தொடங்குவதற்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே, கடையில் பழத்தைக் கையில் எடுக்கும்போதே, அது நன்றாக வருமா வராதா என்பது ஏறத்தாழ முடிவாகிவிடுகிறது. முதன்முறை செய்தபோது எனக்கு இது தெரியவில்லை. கல்போல் இருந்த பழத்தை நறுக்கி மிக்ஸியில் போட்டேன். திப்பி திப்பியாக நின்றது. இன்னும் இரண்டு சுற்று ஓட்டினேன். பிறகு ஃப்ரெஷ் க்ரீம் ஊற்றினேன். கடைசியில் க்ரீமில் மிதக்கும் பச்சைத் துருவல்தான் கிண்ணத்தில் மிஞ்சியது. குழைவு என்பது பழத்துக்குள் இருக்கும் கொழுப்பிலிருந்தும் அதன் பழுத்த பக்குவத்திலிருந்தும் வருவது என்பதால், இந்தச் செய்முறையில் பழத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதியே நீளமானதாக இருக்கும். மசிக்கும் பகுதி சுருக்கமாக முடிந்துவிடும்.

இந்த டிப்பின் பூர்வீகம் மெக்சிகோவின் குவாகமோலே. அஸ்தெக் மக்கள் பேசிய நவாட்ல் மொழியில் அவகாடோவுக்கு ‘ஆவாகாட்ல்’ என்றும், அரைத்துச் செய்யும் தொடுகறிக்கு ‘மோல்லி’ என்றும் பெயர். இரண்டும் சேர்ந்த ‘ஆவாகாமோல்லி’ ஸ்பானியர் நாவில் குவாகமோலே ஆயிற்று. அதை அரைப்பதற்கு அங்கே இன்றும் ‘மோல்காஹேத்தே’ என்ற, எரிமலைக் கல்லில் குடைந்த மூன்று கால் உரலைப் பயன்படுத்துகிறார்கள். நம் வீட்டு இடிகல்லை அதன் உறவினர் என்றே சொல்லலாம். அவகாடோ, மிளகாய், தக்காளி மூன்றும் அந்த மண்ணுக்கு உரியவை. வெங்காயம், கொத்தமல்லித்தழை, எலுமிச்சை ஆகியவை ஸ்பானியர் வந்த பிறகு கடல் கடந்து போய்ச் சேர்ந்தவை. மெக்சிகோவில் பிழியும் சிறிய எலுமிச்சையும் நம் ஊர்க் கடையில் கிடைக்கும் எலுமிச்சையும் ஒரே இனம். ஆகவே சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் நிறப் பெரிய லெமனைத் தேடி அலைய வேண்டியதில்லை. அது இதற்குப் பொருத்தமும் இல்லை.

பழத்தைத் தேர்ந்தெடுத்தல்

பட்டர் ஃப்ரூட், வெண்ணெய்ப் பழம், ஆனைக்கொய்யா என்று பல பெயர்களில் இந்தப் பழம் விற்கப்படுகிறது. நம் கடைகளில் பொதுவாக இரண்டு விதமான பழங்களைப் பார்க்கலாம். ஒன்று, இறக்குமதியாகும் ஹாஸ் வகை: முட்டை வடிவில் இருக்கும், தோல் தடித்தும் சொரசொரப்பாகவும் இருக்கும், பழுக்கப் பழுக்கப் பச்சையிலிருந்து கருமைக்கு மாறும். கலிஃபோர்னியாவில் தபால்காரராக இருந்த ரூடால்ஃப் ஹாஸ் என்பவரின் தோட்டத்தில் தற்செயலாக முளைத்த ஒரே ஒரு கன்றிலிருந்து வந்த வகை இது. 1935-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் விற்கப்படும் ஹாஸ் பழங்கள் அனைத்தும் அந்த மரத்தின் ஒட்டு வழி வாரிசுகளே.

மற்றொன்று நம் மலைகளில் விளைவது. கீழ்ப் பழனி மலையின் தாண்டிக்குடி, தடியன்குடிசைப் பகுதிகளிலும், ஏற்காடு, நீலகிரி, குடகு, வயநாடு ஆகிய இடங்களிலும் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இந்த மரங்கள் நிற்கின்றன. இப்பழம் பெரியது, தோல் வழவழப்பானது, பெரும்பாலும் பழுத்த பிறகும் பச்சையாகவே இருப்பது. ஹாஸைவிட விலை குறைவு; ஆனால் பல வகைகளில் கொழுப்புக் குறைவாகவும் நீர்ச்சத்து அதிகமாகவும் இருக்கும். அதனால் டிப் சற்றுத் தளர்ந்து வரும். அதற்குரிய மாற்று வழியைக் கீழே சொல்கிறேன். நாட்டுப் பழம் என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம், நன்கு முற்றிய தாண்டிக்குடிப் பழத்தின் சுவை எந்த இறக்குமதிப் பழத்துக்கும் குறைந்ததன்று.

நிறத்தை மட்டும் நம்பி வாங்குவது நாட்டுப் பழத்தில் ஏமாற்றத்தைத்தான் தரும். பழத்தை உள்ளங்கையில் வைத்து, விரல் நுனியால் குத்தாமல், கை முழுவதும் பதியுமாறு மெல்ல அழுத்திப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் ஆன வெண்ணெய் எவ்வளவு விட்டுக்கொடுக்குமோ அவ்வளவு விட்டுக்கொடுத்தால் அன்றே செய்யலாம். அழுத்திய இடம் குழிந்தே நின்றுவிட்டால் பழம் கனிந்து கடந்துவிட்டது. ஐயமிருந்தால், வாங்கி வந்த பழத்தின் காம்பு முனையில் ஒட்டியிருக்கும் சிறு குமிழை நகத்தால் நெம்பிப் பார்க்கலாம்: எளிதில் வந்து, அடியில் பச்சையாகத் தெரிந்தால் நல்லது, பழுப்பாகத் தெரிந்தால் உள்ளே கறுக்கத் தொடங்கியிருக்கும், வர மறுத்தால் இன்னும் பழுக்கவில்லை. இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்து, பிறர் வாங்கவிருக்கும் பழத்தைக் கெடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

அவகாடோ மரத்தில் இருக்கும்வரை கனிந்து மென்மையாவதில்லை. முற்றிய காயாகப் பறித்த பிறகே பழுக்கத் தொடங்கும். ஆகவே கடையில் கெட்டியான காய் மட்டும் கிடைத்தால் கவலைப்படத் தேவையில்லை. நம் வீடுகளில் மாங்காயைப் பழுக்க வைப்பதுபோல அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கலாம், அல்லது ஒரு வாழைப்பழத்துடன் சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றி வைக்கலாம். வாழைப்பழம் வெளியிடும் எத்திலீன் வாயு அடைபட்டு நிற்பதால் பழுப்பது விரைவாகும். மூன்று முதல் ஐந்து நாட்களில் பதத்துக்கு வந்துவிடும். காயாக இருக்கும்போது குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பழுப்பது தடைப்படும். பழுத்த பிறகு வைத்தால் இரண்டு மூன்று நாட்கள் தாங்கும். அவசரத்துக்கு மைக்ரோவேவில் சூடாக்குபவர்கள் உண்டு. பழம் மென்மையாகும், பழுக்காது, கசப்பும் ஏறிவிடும். வாரக் கணக்கில் வைத்தும் பழுக்காமல், தோல் சுருங்கி ரப்பர்போல் ஆகிவிட்டால், அது முற்றுவதற்கு முன்பே பறிக்கப்பட்ட காய். அதைக் கொண்டு எதுவும் செய்ய இயலாது.

தேவையான பொருட்கள்

நான்கு பேருக்கு நடுத்தர அளவு ஹாஸ் பழம் இரண்டு, அல்லது பெரிய நாட்டுப் பழம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சதை மட்டும் ஏறத்தாழ 300 கிராம் இருந்தால் சரி. அதற்குச் சின்ன வெங்காயம் நான்கு, பச்சை மிளகாய் ஒன்று, பொடியாக நறுக்கிய கொத்தமல்லித்தழை இரண்டு மேசைக்கரண்டி, கல் உப்பு அரைத் தேக்கரண்டி, எலுமிச்சம்பழம் ஒன்று, கெட்டியான சிறிய தக்காளி ஒன்று. பழம் நீர்த்தன்மையுடையதாக இருந்தால் மட்டும் இரண்டு மேசைக்கரண்டி கட்டித் தயிர் தேவைப்படும்; மெல்லிய துணியில் தயிரைக் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு, நீர் வடிந்த பின் எடுக்க வேண்டும். தயிர் சேர்ந்தால் அதை மெக்சிகோக்காரர்கள் குவாகமோலே என்று ஏற்கமாட்டார்கள். டிப் என்று சொல்லிக்கொள்வதில் யாருக்கும் மறுப்பிருக்காது. பூண்டு சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் விருப்பம். பச்சைப் பூண்டின் காரம் பழத்தின் மென்மையான சுவையை மூடிவிடுவதால் நான் சேர்ப்பதில்லை.

முதலில் காரம், பிறகு பழம்

பழத்தை முதலில் நறுக்கி வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்காருவது தொடக்கநிலையில் எல்லோரும் செய்யும் தவறு. நறுக்கிய கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுப்பது போலவே அவகாடோவும் கறுக்கும். மூன்றிலும் உள்ள பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி காற்றுடன் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆகவே மற்ற அனைத்தும் தயாரான பிறகே பழத்தில் கத்தி படவேண்டும்.

வெங்காயத்தையும் மிளகாயையும் நறுக்கி, கொத்தமல்லித்தழையில் பாதியையும் உப்பு முழுவதையும் சேர்த்து, அம்மியிலோ இடிகல்லிலோ ஒரு நிமிடம் நசுக்குங்கள். மைபோல் அரைக்க வேண்டாம்; சாறு வெளிப்பட்டு, கையால் தொட்டால் ஈரமான துவையல்போல் இருந்தால் போதும். கல் உப்பின் பரல்களே வெங்காயத்தையும் மிளகாயையும் கிழித்துச் சாற்றை வெளிக்கொணரும். இப்படிச் செய்யும்போது காரம் டிப் முழுவதும் சீராகப் பரவும், ஒரு வாயில் ஒன்றுமில்லாமல் அடுத்த வாயில் மிளகாய்த் துண்டு கடிபடும் தொல்லை இருக்காது. கல் இல்லாதவர்கள் எல்லாவற்றையும் மிகப் பொடியாக நறுக்கி, உப்பைத் தூவி, பலகையின்மேல் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்க்கலாம். தக்காளியை நான்காக வெட்டி, விதையையும் அதைச் சூழ்ந்த நீரையும் வழித்தெறிந்துவிட்டு, சதையை மட்டும் சிறு சதுரங்களாக நறுக்கித் தனியே வையுங்கள்.

பழத்தைத் திறந்து மசித்தல்

காம்பிலிருந்து அடிவரை நீளவாக்கில், கத்தி கொட்டையைத் தொடும்வரை இறக்கி, பழத்தைச் சுற்றி ஒரே வட்டமாக வெட்டுங்கள். பிறகு இரண்டு பாதிகளையும் இரு கைகளில் பிடித்து எதிரெதிர்த் திசையில் திருகினால் பிரிந்து வரும். கொட்டையை எடுப்பதற்குக் கத்தியால் ஓங்கிக் குத்தும் காட்சியைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அதை வீட்டில் முயலவே வேண்டாம். ஈரமான கொட்டையில் கத்தி வழுக்கி உள்ளங்கையில் இறங்கினால் தையல் போட வேண்டிவரும். ஒரு கரண்டியை அடியில் செலுத்தி நெம்பினாலே, பழுத்த பழத்தில் கொட்டை கழன்று வந்துவிடும். அதே கரண்டியால் சதையைத் தோலிலிருந்து வழித்தெடுங்கள். பழுப்பு நிறப் புள்ளிகளோ நாரோ இருந்தால் அந்த இடத்தை மட்டும் நீக்கிவிடலாம்.

சதையை ஒரு அகன்ற கிண்ணத்தில் இட்டவுடன், எலுமிச்சையின் பாதிச் சாற்றை மேலே பிழிந்துவிடுங்கள். அமிலம் அந்த நொதியின் வேகத்தைக் குறைக்கும். இனி மசிக்க வேண்டும். இதற்கு என் அனுபவத்தில் மிகச் சிறந்த கருவி, கீரை கடையும் மத்து. கடையாமல், மேலிருந்து கீழாக அழுத்தி மட்டும் மசியுங்கள். இருபது முப்பது அழுத்தலில் வெண்ணெய்போல் குழைந்துவிடும். மத்து இல்லையென்றால் முள்கரண்டியே போதும். மிக்ஸியை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், வேகமாகச் சுழலும் பிளேடு சதைக்குள் காற்றை அடித்து ஏற்றுகிறது. நிறம் வெளுக்கிறது, கறுப்பதும் விரைவாகிறது, ஒரே ஒரு பழத்தை இட்டால் பாதி ஜாரின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. பத்துப் பேருக்குச் செய்யும்போது வேறு வழியில்லை என்றால், பல்ஸ் முறையில் இரண்டு மூன்று முறை மட்டும் விட்டு விட்டு ஓட்டலாம்.

மசித்த பழத்துடன் இடித்து வைத்த கலவையைச் சேர்த்துக் கரண்டியால் கிளறுங்கள். கலவை கரண்டியிலிருந்து தானாக வழிந்தால் அது நீர்த்த பழம். இப்போது கட்டித் தயிரைச் சேர்க்கலாம். கரண்டியைக் கவிழ்த்தாலும் ஒட்டி நின்றால் தயிரைத் தொடவே தேவையில்லை. கடைசியாகத் தக்காளியையும் மீதிக் கொத்தமல்லித்தழையையும் சேர்த்து, உடையாமல் புரட்டிவிடுங்கள். மீதி எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் சுவை பாருங்கள். வெறும் கரண்டியால் ருசி பார்க்காமல், எதனுடன் உண்ணப் போகிறீர்களோ அதில் தொட்டுப் பார்ப்பது முக்கியம்: மக்காச்சோளச் சிப்ஸில் ஏற்கெனவே உப்பு இருக்கும், வெள்ளரித் துண்டில் இருக்காது.

பரிமாறுவதும் பாதுகாப்பதும்

மெக்சிகோவில் தோர்த்தியா என்னும் மெல்லிய மக்காச்சோள ரொட்டியைப் பொரித்து, அதனுடன் இதை உண்பார்கள். வீட்டில் நேந்திரங்காய் சிப்ஸ், கேரட், வெள்ளரி, சுட்ட சப்பாத்தித் துண்டுகள் ஆகியவை நன்றாகப் பொருந்துகின்றன. அப்பளத்தை முயன்று பார்த்தேன். டிப்பின் கனத்தைத் தாங்காமல் பாதியிலேயே உடைந்து கிண்ணத்துக்குள் விழுந்துவிடுகிறது.

உடனே உண்டு முடிப்பதே நல்லது. எடுத்து வைக்க வேண்டியிருந்தால், கொட்டையை நடுவில் புதைத்து வைத்தால் கறுக்காது என்ற பரவலான நம்பிக்கையைச் சார்ந்திருக்க வேண்டாம். கொட்டை மறைத்திருக்கும் இடத்துக்குக் காற்றுப் போகாததால் அங்கே மட்டும் பச்சையாக இருக்கும், சுற்றிலும் கறுத்துவிடும். நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டு வைப்பதில் நம் வீடுகளில் பின்பற்றும் அதே உத்தி இங்கும் பயன்படும். டிப்பைக் குறுகிய பாத்திரத்தில் இட்டு, உள்ளே காற்றிடைவெளி இல்லாதவாறு கரண்டியால் அழுத்திச் சமப்படுத்தி, அதன்மேல் அரை அங்குல உயரத்துக்குக் குளிர்ந்த நீரை மெதுவாக ஊற்றி, மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கலவை கெட்டியாக இருப்பதால் நீர் உள்ளே இறங்காது. மறுநாள் நீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு ஒருமுறை கிளறினால் பச்சை நிறம் அப்படியே இருக்கும். அதற்கு மேல் ஒரு நாள்கூட வைக்காதீர்கள்.

மறுநாள் மிஞ்சியதை ரொட்டியிலோ தோசையிலோ தடவிக்கொள்ளலாம். ஆனால் தோசையைக் கல்லிலிருந்து எடுத்துத் தட்டில் இட்ட பிறகே தடவுங்கள். கல்லிலேயே தடவினால் சூடேறிக் கசந்துவிடும்.