காலாவதித் தேதியைப் பார்த்து ஆவணம் சேருங்கள்

வெளிநாட்டில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு (PR) விண்ணப்பிப்பவர்கள் எல்லா ஆவணங்களையும் ஒரே மூச்சில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். விண்ணப்பிக்கச் சொல்லி அரசின் அழைப்பு வரும்போது அவற்றில் பாதி செல்லாமல் போயிருக்கும். திறன்மிகு பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையையே பாருங்கள். முதலில் இணையத்தில் உங்கள் விவரங்களைப் பதிய வேண்டும்; தேர்வானால் அழைப்பு வரும்; அதன்பின்தான் இறுதி விண்ணப்பம். கனடாவுக்கு வெளியே வாங்கிய பட்டத்துக்கான மதிப்பீட்டு அறிக்கை 5 ஆண்டுகள் செல்லும். மொழித் தேர்வு முடிவு 2 ஆண்டுகள்தான். விவரங்களைப் பதியும்போது மட்டுமல்ல, இறுதி விண்ணப்பம் அனுப்பும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். அதனால் பட்ட மதிப்பீட்டை முதலில் முடியுங்கள், மொழித் தேர்வை அடுத்து எழுதுங்கள். இப்போது வசிக்கும் நாட்டின் காவல்துறைச் சான்றிதழ் விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதங்களுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்பதால் அது கடைசியில்.

அழைப்பு வந்தபின் கிடைப்பது 60 நாட்கள். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. பழைய நிறுவனத்திடம் அனுபவக் கடிதம் கேட்டு அலையும்போதுதான் அருமை தெரியும். “இவர் இங்கே பணிபுரிந்தார், நல்லவர்” என்ற இரண்டு வரிக் கடிதம் போதாது. பதவி, பணிக்காலம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன வேலை செய்தீர்கள் என்பதெல்லாம் நிறுவனத்தின் கடிதத்தாளில், கையொப்பத்துடன் வேண்டும். வேலையை விட்டு விலகும் அன்றே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மேலாளர் மாறிவிட்டால் உங்களை யாருக்குத் தெரியும்?

இன்னொன்று: விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. முகவர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் பணம் கட்டும் முன் அரசின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.