தம்பதிக்கு அழைப்பிதழ்: உறையின் மேல் பெயர் எழுதுவது எப்படி?

தங்கையின் திருமணத்துக்கு 280 உறைகளில் நான்தான் பெயர் எழுதினேன். பாதி அனுப்பிய பிறகு பழைய அலுவலகத் தோழி ஒருவர் போன் செய்தார். "கார்டு வந்துச்சு, சந்தோஷம். ஆனா அதுல என் பேரே இல்லையே?" என்றார். உறையில் அவருடைய கணவர் பெயரை எழுதி, பக்கத்தில் 'தம்பதியர்' என்று போட்டிருந்தேன். பத்து வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவர் அவர். கணவரை நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். மீதி உறைகளை எல்லாம் பிரித்து மறுபடி எழுதினேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

படி 1: பட்டியல்

கூகுள் ஷீட்ஸ் போதும். கணவர் பெயருக்கு ஒரு பத்தி, மனைவி பெயருக்குத் தனிப் பத்தி. இருவரில் நமக்கு யார் பழக்கம், வீட்டில் யார் யாரை அழைக்கிறோம் என்பதற்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். போனில் சேமித்த பெயரை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

படி 2: பெயரைக் கேட்டு வாங்குவது

நான் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். திருமணமான பெண்ணின் இனிஷியலை நாமாக முடிவு செய்யக் கூடாது. சிலர் அப்பாவின் எழுத்தையே வைத்திருப்பார்கள், சிலர் கணவரின் எழுத்துக்கு மாறியிருப்பார்கள், சிலர் கணவர் பெயரை முழுதாகப் பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். மூன்றுமே சரி, அவர் எதை எழுதுகிறார் என்பதுதான் கணக்கு. அதே போல ஒருவர் 'ரா.' என்று எழுதுவார், இன்னொருவர் 'ஆர்.' என்று எழுதுவார். "அழைப்பிதழில் உங்கள் இருவர் பெயரையும் எப்படி எழுதட்டும்?" என்று ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். நான் கேட்டவர்களில் ஒருவர்கூடத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டதே பலருக்குப் பிடித்திருந்தது.

படி 3: வரிசையும் அடைமொழியும்

நான் எழுதும் முறை இது:

திரு அ. சேகர் – திருமதி க. மாலதி

'திரு' முழுச் சொல். சுருக்கம் இல்லை என்பதால் அதற்குப் பின்னால் புள்ளி வேண்டாம். நமக்குப் பழக்கமானவர் மாலதி என்றால் அவர் பெயரை முதலில் எழுதுங்கள். கணவர் பெயர்தான் முன்னால் வர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். பெரியவர்களுக்குப் போகும் உறைகளில் அவர்கள் விருப்பப்படி விட்டேன், என் நண்பர்களுக்குப் போனவற்றில் விடவில்லை. எப்படி எழுதினாலும் இரண்டு பெயரும் இருந்தாக வேண்டும்.

ஒருவருக்குப் பட்டம் இருந்தால் அவர் பெயர் முன்னால் வருவது நல்லது: 'முனைவர் க. மாலதி – திரு அ. சேகர்'. 'திருமதி முனைவர்' என்று இரண்டையும் அடுக்க வேண்டாம். 'டாக்டர்' என்று மட்டும் போட்டால் ஆராய்ச்சிப் பட்டமா, மருத்துவமா என்று தெரியாது. 'முனைவர்', 'மருத்துவர்' என்றே எழுதிவிடுங்கள். திருமதி என்ற சொல்லை விரும்பாத பெண்களுக்குத் 'திருமிகு' இருக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும், மணமானவரா இல்லையா என்ற கேள்வியும் வராது.

ஆங்கிலத்தில் எழுதினால் 'மிஸ்டர் அண்ட் மிசஸ்' போட்டுக் கணவரின் முழுப்பெயரை மட்டும் எழுதுவது பழைய வழக்கம். இப்போது இருவர் பெயரையும் எழுதுவதே பரவலாகிவிட்டது. கடைசிப் பெயர் வேறு வேறாக இருந்தாலும் ஒரே வரியில் 'அண்ட்' போட்டு இணைத்தால் மணமானவர்கள் என்று பொருள்.

படி 4: குழந்தைகள்

அழைக்கிறீர்கள் என்றால் 'மற்றும் குடும்பத்தினர்' என்று சேருங்கள். இருவரை மட்டும் என்றால் பெயர்களோடு நிறுத்துங்கள்.

படி 5: பேனா

வழவழப்பான உறையில் ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், கை பட்டால் இழுவிவிடும். சாதாரண பால்பாயின்ட் பேனா நன்றாக எழுதும். லேபிள் அச்சடிப்பதானால் யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். கோப்பை அப்படியே கொடுத்தால் அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் எழுத்து மாறிப்போகலாம். எனக்குக் கையால் எழுதியதுதான் பிடிக்கும்.

பின்சேர்க்கை: வாசகர் ஒருவர் கேட்ட பிறகுதான் இதை எழுதாமல் விட்டது தெரிந்தது. பழைய பட்டியலை எடுத்துப் பயன்படுத்தும்போது, இருவரில் ஒருவர் இறந்திருக்கக் கூடும். ஒவ்வொரு பெயரையும் விவரம் தெரிந்த உறவினர் ஒருவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். கணவரை இழந்தவருக்கும் 'திருமதி' அப்படியே தொடரும், அவருடைய சொந்தப் பெயரோடு. பிரிந்து வாழ்பவர்கள் இருவரையும் அழைப்பதானால் இரண்டு உறை, இரண்டு முகவரி.