எதிர்க்கட்சி உறுப்பினரின் கேள்விகள் எங்கே வீணாகின்றன? நாடாளுமன்றக் கேள்விகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளும் குறியிடாத 230 கேள்விகளும் பட்டியலில் இடம்பெறுகின்றன. மாநிலங்களவையில் இவை முறையே 15, 160. குறியிட்டவற்றுக்கு அமைச்சர் அவையிலேயே பதில் சொல்வார், அதன்மேல் துணைக் கேள்விகளும் எழுப்பலாம்; குறியிடாதவற்றுக்கு எழுத்தில் மட்டுமே பதில் வரும். மருத்துவமனை, பள்ளி, மின்சாரம், வேளாண்மை ஆகிய நான்கும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் இந்தப் பட்டியலில் பெரும் பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் வரும் பதில்களைத் தொடர்ந்து படிப்பவருக்குத் தெரியும், அவற்றில் பல வெறும் திட்டப் பெயர்களின் அணிவகுப்பாகவே இருக்கும். அமைச்சகம் மழுப்புகிறது என்று குற்றம் சாட்டுவது எளிது, பல நேரங்களில் அது உண்மையும்கூட. இருந்தாலும் மழுப்புவதற்கான வழியைக் கேள்வியே திறந்துவிட்டிருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பதிலை எழுதும் அலுவலர் கேள்வியில் உள்ள சொற்களுக்குத்தான் பதில் எழுதுகிறார். அதைக் கேட்டவரின் ஆதங்கத்துக்கு அவர் கட்டுப்பட்டவர் அல்லர்.

முதலில் செய்யப்படும் தவறு, கேள்விக்குள் மேடைப் பேச்சை நுழைப்பது. மக்களவை நடைமுறை விதிகளின் 41ஆம் விதி, கேள்வியில் வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் இருக்கக் கூடாது என்றும், சாதாரணமாக அது 150 சொற்களைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. கருத்துக் கேட்பது, கற்பனையான சூழ்நிலையை முன்வைப்பது, ஒரே பதிலுக்குள் அடங்காத பெரிய கொள்கையைப் பற்றிக் கேட்பது ஆகியவையும் ஏற்கப்படுவதில்லை. “விவசாயிகளை வஞ்சிக்கும் போக்கை அரசு எப்போது கைவிடும்?” என்ற வரி கைதட்டல் வாங்கும்; செயலகத்தின் ஆய்வில் அது நிற்காது. அதே உறுப்பினர் அந்தக் கோபத்தை அமைச்சகங்களின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வைத்துக்கொண்டு, கேள்வியில் உரத்தின் வரத்து அளவையும் தேவையையும் மாவட்ட வாரியாகக் கேட்டால், அந்த விவாதத்துக்கு வேண்டிய ஆதாரமும் அவர் கைக்கு வந்துவிடும்.

இதைவிட அதிகம் சேதம் விளைவிப்பது, எல்லோரும் பழக்கத்தில் எழுதும் ஒரு வாய்பாடு. “(அ) இன்னது நடந்தது உண்மையா? (ஆ) ஆம் எனில், அதன் விவரங்கள் என்ன? (இ) இல்லையெனில், காரணங்கள் என்ன?” என்று ஒன்றின் மேல் ஒன்றாக உட்பிரிவுகளை அடுக்கினால், முதல் உட்பிரிவுக்கு ‘இல்லை’ என்று ஒரு சொல் விழுந்த உடனே மற்றவை அனைத்தும் சரிந்துவிடும். 2021 நவம்பர் இறுதியில், வேளாண் சட்டங்களுக்கு எதிரான போராட்டத்தில் இறந்த விவசாயிகளின் குடும்பங்களுக்கு நிதியுதவி வழங்கப்படுமா என்று மக்களவையில் கேட்டபோது, அதுபற்றித் தம்மிடம் பதிவு எதுவும் இல்லை, ஆகவே அந்தக் கேள்வி எழவில்லை என்று வேளாண் அமைச்சகம் எழுத்தில் பதிலளித்தது. பதிவு இருக்கிறதா என்பதிலேயே நிதியுதவிக் கேள்வியும் கட்டுண்டு கிடந்ததால், இரண்டுக்கும் ஒரே வரியில் முடிவு கட்டப்பட்டது. உட்பிரிவுகள் ஒவ்வொன்றும் தன் காலில் நிற்க வேண்டும். (அ) பிரிவு விழுந்தாலும் (ஆ) பிரிவுக்குத் தனியே பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலையை உருவாக்குவதில்தான் கேள்வி எழுதுபவரின் திறமை இருக்கிறது.

அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில் வந்த சுகாதாரப் பதிலும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நோயாளிகள் இறந்தது உண்மையா என்ற கேள்விக்கு, சுகாதாரம் மாநிலப் பொருள் என்றும், ஆக்சிஜன் பற்றாக்குறையால் ஏற்பட்ட இறப்பு என்று குறிப்பிட்டு மாநிலங்களோ ஒன்றியப் பிரதேசங்களோ தெரிவிக்கவில்லை என்றும் பதில் வந்தது. ‘தெரிவிக்கப்படவில்லை’ என்ற சொல்லுக்கும் ‘நிகழவில்லை’ என்ற சொல்லுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனிக்காமல், இறப்பே இல்லை என்று அரசு சொல்லிவிட்டதாகச் சில தலைப்புகள் வந்தன. அது படிப்பவர் செய்யும் தவறு. கேட்பவருக்கு உரிய பாடம் வேறு. அப்படி ஒரு தலைப்பின்கீழ் தகவல் தருமாறு மாநிலங்களிடம் ஒன்றிய அரசு கேட்டதா, எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில் கேட்டது என்று வினவியிருந்தால், பதில் ஒன்றிய அரசின் சொந்தச் செயலைப் பற்றியதாக இருந்திருக்கும். அதை மாநிலங்களின் தலையில் கட்டியிருக்க முடியாது.

இந்த ‘மாநிலப் பொருள்’ என்ற சொற்றொடர் சுகாதாரம், வேளாண்மை பற்றிய பதில்களின் நிரந்தர முதல் வரி. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் வேளாண்மையும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் உள்ள மாநிலப் பட்டியலில் உள்ளன. கல்வி, 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றியமும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. மின்சாரமும் பொதுப் பட்டியல்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் ஏன் இல்லை என்று டெல்லியில் கேட்டால் அந்த முதல் வரியைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. தேசிய சுகாதார இயக்கத்தின்கீழ் அந்த மாநிலம் எத்தனை பணியிடங்களுக்கு ஒப்புதல் கேட்டது, எத்தனைக்கு ஒப்புதல் தரப்பட்டது, மறுக்கப்பட்டவற்றுக்குப் பதிவு செய்யப்பட்ட காரணம் என்ன என்று கேட்டால் ஒன்றிய அமைச்சகம் தன் கோப்பைத் திறந்தாக வேண்டும்.

எந்த அமைச்சகத்துக்கு எழுதுவது என்பதிலும் நிறையத் தடுமாற்றம் உண்டு. நெல்லுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பு, ஆனால் கொள்முதல் உணவுத் துறையைச் சேர்ந்தது, உரம் ரசாயனம் மற்றும் உர அமைச்சகத்திடம் இருக்கிறது. கூடங்குளம் பற்றிய கேள்வி மின் அமைச்சகத்துக்குப் போனால் அணுசக்தித் துறைக்கு மாற்றப்படும். அங்கன்வாடி பற்றிய கேள்வியும் கல்வி அமைச்சகத்தில் நிற்காது. மாற்றப்படும்போது அந்தத் துறை பதிலளிப்பதற்கான நாள் வேறாக இருப்பதால் கேள்வி தள்ளிப்போகலாம். கூட்டத்தொடரின் கடைசி வாரத்தில் அது தொலைந்தே போகலாம்.

பணத்தைப் பற்றிய கேள்விகளில் நடக்கும் தவறு நுட்பமானது. ‘எவ்வளவு ஒதுக்கப்பட்டது?’ என்று மட்டும் கேட்டால் அமைச்சகத்துக்குப் பிடித்தமான எண்ணே வரும், ஏனென்றால் வரவு செலவுத் திட்ட மதிப்பீடுதான் பெரும்பாலும் கவர்ச்சியான எண். திருத்திய மதிப்பீடு, விடுவிக்கப்பட்ட தொகை, உண்மையான செலவு ஆகிய மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் கேட்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களுக்கு ஒன்றியம், மாநிலம் இடையே 60:40 என்ற விகிதத்தில் நிதி பகிரப்படும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில், 2024-25ஆம் ஆண்டுக்காகத் தமிழ்நாடு அரசு கேட்டுவந்த ரூ.2,152 கோடி ஒதுக்கீட்டுப் பிரச்சினை அன்று. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தோடு பிணைந்த விடுவிப்புப் பிரச்சினை. அத்தகைய விவகாரத்தில் தவணை வாரியாகத் தேதியும், நிறுத்திவைக்க ஆதாரமாகக் காட்டப்படும் விதியின் எண்ணும் கேட்கப்பட வேண்டும். மொத்தத் தொகையைக் கேட்பதால் பயன் குறைவு.

மதுரை எய்ம்ஸ் பற்றிய கேள்விகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் அறிவிக்கப்பட்டது, 2019 ஜனவரி 27 அன்று தோப்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது, ஜப்பானின் ஜைகா நிறுவனத்துடன் கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது. ‘பணி எப்போது முடியும்?’ என்று கேட்டால் ஒரு மாதமும் ஆண்டும் பதிலாக வரும். அடுத்த முறை கேட்டால் வேறொன்று வரும். கடனில் இதுவரை எடுக்கப்பட்ட தொகை, கட்டுமான ஒப்பந்தம் வழங்கப்பட்ட தேதி, குறிப்பிட்ட ஒரு நாளில் முடிந்திருந்த பணியின் சதவீதம், ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் நிரப்பப்பட்டவை என்று கேட்டவருக்கு, அடுத்த கூட்டத்தொடரில் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது.

எரிசக்தியில் நிறுவு திறனையும் உற்பத்தியையும் குழப்புவது வழக்கம். எத்தனை மெகாவாட் நிறுவப்பட்டது என்பது, எத்தனை யூனிட் கிடைத்தது என்பதற்குப் பதிலாகாது. சூரிய மின்சாரத்தில் இந்த இடைவெளி மிகப் பெரியது. வேளாண்மையில் அதே வகைத் தவறு ‘விவசாயிகள் தற்கொலை’ என்ற சொல்லில் இருக்கிறது. தேசிய குற்றப் பதிவேட்டுத் துறை நிலத்தில் பயிர் செய்பவர்களையும் விவசாயத் தொழிலாளர்களையும் தனித்தனியே கணக்கிடுகிறது; முதலாவதை மட்டும் கேட்டால் கூலித் தொழிலாளர்களின் இறப்பு பதிலிலேயே வராது. ஏற்கெனவே வெளியான அறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் கேட்பதும் வீண், எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் உள்ளதைக் கேட்கக் கூடாது என்பதும் விதிதான்.

கேள்வியை வேறொருவர் எழுதிக் கொடுக்க, படிக்காமல் கையெழுத்திடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய குற்றத்துக்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்டார்கள். பணமே வாங்காவிட்டாலும், தனக்கே புரியாத கேள்வியைக் கேட்பவரால் அவையில் துணைக் கேள்வி எழுப்ப முடியாது.

அந்தத் துணைக் கேள்விதான் நட்சத்திரக் குறியின் முழு மதிப்பு. எழுதித் தந்த பதிலை அமைச்சர் எதிரிலேயே பிரித்துக் காட்டும் வாய்ப்பு அது. 1957இல் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் எல்.ஐ.சி. செய்த முதலீடு பற்றிக் கேள்வியாகத் தொடங்கிய விவகாரம், பெரோஸ் காந்தி விடாமல் தொடர்ந்ததால், 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பதவி விலகலில் முடிந்தது. பெரோஸ் காந்தி ஆளுங்கட்சிக்காரர் என்பதை இன்றைய எதிர்க்கட்சியினர் சற்று வெட்கத்தோடு நினைத்துப் பார்க்கலாம். இன்று கேள்வி நேரத்திலேயே முழக்கமிட்டு அவையை ஒத்திவைக்கச் செய்யும்போது, எழுத்துப்பூர்வ பதில் மட்டும் மேசையில் வைக்கப்பட்டுவிடும். குறுக்கு விசாரணைக்கு ஆளாகாமல் அமைச்சர் தப்பித்துவிடுவார். கேள்விகளின் வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கலில் இடம் கிடைத்த எதிர்க்கட்சி உறுப்பினருக்கே பல நேரம் அந்த நஷ்டம் நேர்கிறது.

பதில் வந்ததும் செய்திக் குறிப்பு வெளியிட்டுவிட்டு மறந்துவிடுவது கடைசித் தவறு, பரவலான தவறும்கூட. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்பன போன்ற சொற்கள் உறுதிமொழியாகக் கணக்கில் எடுக்கப்படுகின்றன. அவற்றை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், நிறைவேறாதவற்றை அரசு உறுதிமொழிக் குழு விசாரிக்கிறது. பதிலில் உண்மை விவரம் தெளிவாக இல்லையென்றால் 55ஆம் விதியின்கீழ் அரை மணி நேர விவாதம் கோரலாம். ஆகவே பதில் வந்த அன்றே அதில் உள்ள ஒவ்வோர் உறுதிமொழிச் சொல்லையும் தேதியோடு குறித்துவைத்து, மூன்றாம் மாத இறுதியில் குழுவுக்குக் கடிதம் எழுதும் வேலையை உறுப்பினரின் அலுவலகத்தில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.