பழைய ரோஸ்வுட் கிடார் வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள்

என்னிடம் கற்றுக்கொள்ளும் மாணவி ஒருத்தி இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு பழைய கிடாரை எடுத்து வந்தாள். பெட்டியைத் திறந்து, முதலில் பின்பலகையைத்தான் திருப்பிக் காட்டினாள். கருஞ்சிவப்பில் ஊதா ஓடிய ரோஸ்வுட். ஒரே பலகையைப் பிளந்து விரித்தது போல, நடுக்கோட்டின் இரு பக்கமும் ரேகைகள் பொருந்தி நின்றன. முப்பத்தைந்து வயதாவது இருக்கும். பெயர் பெற்ற நிறுவனத்தின் கிடார் இல்லை. அதனாலேயே விலை குறைவாக இருந்ததாம். அவள் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. நான் கிடாரை வாங்கி, பக்கவாட்டில் பிடித்து, முகப்பலகையில் தந்திகள் பூட்டிய மரக்கட்டையான பிரிட்ஜைப் பார்த்தேன். தந்திகளைத் தாங்கும் சேடில் எலும்பு, வெட்டிய நகத்தின் அளவுக்குத்தான் வெளியே தெரிந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் கையைச் சுட்டுக்கொண்ட அதே இடம்.

இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. மூன்று பேருமே நல்ல காதுள்ளவர்கள். ஆசையோடு தேடி, காசு சேர்த்து வாங்கியவர்கள். சேடில் இப்படித் தேய்ந்திருந்தால் கழுத்து சாய்ந்திருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பழைய ரோஸ்வுட் கிடார்களைத் தேடிப்போவதைத் தவறு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ரோஸ்வுட் என்றதும் கூட்டம் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் செய்யும் டி-28 பக்கமே திரும்புகிறது. கில்ட் நிறுவனம் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வெஸ்டர்லியில் செய்த டி-50, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஜப்பானில் யைரி பட்டறையும் டகாமினே தொழிற்சாலையும் செய்த கிடார்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தின் கண்ணில் படுவதில்லை. அவற்றில் எத்தனையோ அருமையான வாத்தியங்கள் உண்டு. நான் தினமும் வாசிப்பதும் அப்படி ஒன்றைத்தான்.

கீறல், துரு, தேய்ந்த டியூனிங் கீ போன்றவற்றை யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள். அவற்றை விட்டுவிட்டு, வாங்குபவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

மரத்தின் பெயருக்கே முழு விலையையும் கொடுத்துவிடுவது

கிடாரின் குரலில் பெரும்பங்கு முகப்பலகையுடையது. ஸ்ப்ரூஸ் அல்லது சீடர் மரத்தில் செய்த அந்த மெல்லிய பலகையும், அதன் அடியில் ஒட்டியிருக்கும் சட்டங்களும்தான் தந்தியின் அதிர்வைக் காற்றில் சேர்க்கின்றன. ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் 1862-இல் பின்பலகையையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து, முகப்பலகையை மட்டும் மரத்தில் வைத்து ஒரு கிடார் கட்டினார். இதை மெய்ப்பித்துக் காட்டுவதே அதன் நோக்கம். 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், பின்பலகை, பக்கப்பலகை மரம் தவிர மற்ற எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்படி ஆறு கிடார்களைச் செய்து, மரம் தெரியாதபடி மறைத்து, கிடார் கலைஞர்களை வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு இல்லை.

அப்படியானால் ரோஸ்வுட் மீது எனக்கு ஏன் இந்தப் பற்று? இந்திய ரோஸ்வுட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 830 கிலோ எடையுள்ள அடர்ந்த மரம். மஹாகனி சுமார் 600 கிலோதான். ரோஸ்வுட் அதிர்வை எளிதில் விழுங்குவதில்லை. ஒரு துண்டை இரு விரலில் தொங்கவிட்டுச் சுண்டினால் மணிபோல ஒலிக்கும். நல்ல முகப்பலகையோடு சேரும்போது தடித்த தந்திகளின் ஒலி அடங்க நேரமெடுப்பதாகவும், ஒரு சுரத்தின் மேல் இன்னும் சில மெல்லிய சுரங்கள் மிதப்பதாகவும் என் காதுக்குப் படுகிறது. ஆனால் முகப்பலகை மோசமாக இருந்தால் எந்த ரோஸ்வுட்டும் காப்பாற்றாது. முதலில் வாசித்துக் கேளுங்கள். பின்பலகையைப் பிறகு திருப்பிப் பாருங்கள்.

“ரோஸ்வுட் கிடார்” என்ற சொல்லை அப்படியே நம்புவது

எந்தப் பாகம் ரோஸ்வுட் என்று கேளுங்கள். விரல்பலகையும் பிரிட்ஜும் மட்டும் ரோஸ்வுட்டாக உள்ள கிடார்கள் ஏராளம்.

ஒட்டுப்பலகை என்றதும் முகம் சுளிப்பது

உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் முகப்பலகை மட்டும் முழுமரம் என்று எழுதியிருந்தால், பின்பலகை ஒட்டுப்பலகை என்று பொருள். சீட்டு இல்லையென்றால் சோதிப்பது எளிது. பின்பலகையின் வெளிப்பக்கத்தில் ஒரு கணுவையோ கருவரியையோ குறித்துக்கொள்ளுங்கள். ஒலித்துளை வழியாகச் சிறிய கண்ணாடியும் விளக்கும் கொண்டு உள்ளே அதே இடத்தைப் பாருங்கள். அதே வரி அங்கும் ஓடினால் முழுமரம். உள்ளே வேறு ரேகை என்றால், மெல்லிய ரோஸ்வுட் தாளை வேறு மரத்தின் மேல் ஒட்டியிருக்கிறார்கள்.

முழுமரம் என்று சொல்லி ஒட்டுப்பலகையை விற்றால் அது ஏமாற்று. ஒட்டுப்பலகை என்று தெரிந்தே, அதற்குரிய விலையில் வாங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை. ஜாஸ் கிடார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த செல்மர் கிடார்களில் பின்பலகையும் பக்கமும் ஒட்டுப்பலகை ரோஸ்வுட்தான். அது எளிதில் விரிசல் விடாது. பயணம் போகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்? முகப்பலகை மட்டும் முழுமரமாக இருக்கட்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கழுத்தின் கோணத்தைப் பார்க்காமல் வாங்குவது

நான் வந்ததே இதைச் சொல்லத்தான்.

எஃகுத் தந்திகள் பூட்டிய கிடாரில், மெல்லிய ரகத் தந்திகளே ஆனாலும், எழுபது கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசை இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகள் இழுத்தால் மரம் வளைந்துகொடுக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் முகப்பலகை சற்றே புடைக்கும். ஒலித்துளைப் பக்கம் அமுங்கும். கழுத்து முன்னோக்கிச் சாயும். தந்திகள் விரல்பலகையிலிருந்து விலகி உயரும். இது உற்பத்திக் குறையும் அல்ல, முன்பு வைத்திருந்தவரின் குற்றமும் அல்ல. இந்த வகைக் கிடார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒருநாள் வரத்தான் செய்யும்.

தந்தி உயர்ந்ததும் ஒருவர் சேடிலைக் கழற்றி அடியில் தேய்க்கிறார். கொஞ்ச காலம் ஓடுகிறது. மீண்டும் உயர்கிறது, மீண்டும் தேய்க்கிறார். தேய்க்க எலும்பே இல்லாத நிலையில் கிடார் விற்பனைக்கு வருகிறது.

என் கதையும் அப்படித்தான். அன்று மாலை வெளிச்சம் குறைந்த ஒரு கூடத்தில் அந்தக் கிடாரை வாசித்துப் பார்த்தேன். விரலுக்கு வெண்ணெய்போல மென்மையாக இருந்தது. கேட்ட தொகையைக் கொடுத்து எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் சுருதி சேர்க்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஆறு தந்திகளையும் ஒன்றரைக் கட்டை இறக்கி வைத்திருந்தார்கள். இழுவிசையைக் குறைத்தால் கழுத்து கொஞ்சம் பின்வாங்கும், தந்தி தாழும், விரலுக்கும் இதமாக இருக்கும். சரியான சுருதிக்கு ஏற்றியதும், விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் (ஃப்ரெட்) பன்னிரண்டாவதின் மேல், மிகத் தடித்த ஆறாம் தந்தி நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் பார் கார்டு பிடித்தால் மணிக்கட்டு வலித்தது. பிரிட்ஜை அளந்தேன். எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் தடிமன் இருக்கவேண்டிய மரக்கட்டையை ஐந்துக்கு இழைத்திருந்தார்கள். சேடிலில் இடம் தீர்ந்துபோய் பிரிட்ஜிலேயே கை வைத்திருக்கிறார்கள். விற்றவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அதைவிட எரிச்சலூட்டுவது, இப்போதும் காதில் விழும் அந்த வாக்கியம்: “டிரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும்.” சரியாகாது. டிரஸ் ராட் என்பது கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி. கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் ‘நட்’ துண்டுக்கும் உடலோடு சேரும் இடத்துக்கும் நடுவே கழுத்தில் விழும் வளைவைத்தான் அது திருத்தும். கழுத்து உடலோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. கோணத்தைச் சரிசெய்ய நினைத்து அதை முறுக்கி முறுக்கி உடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மார்ட்டின் நிறுவனம் 1985 வரை திருகக்கூடிய டிரஸ் ராடையே வைக்கவில்லை; அதற்கு முந்தைய மார்ட்டின்களில் திருகுவதற்கு ஒன்றுமே கிடையாது.

வாங்கும் முன் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் சுருதியைச் சரியாகச் சேருங்கள். விற்பவர் தடுத்தால் அங்கிருந்தே கிளம்பிவிடுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து ஆறாம் தந்தியின் அடிவரை அளந்தால் சுமார் 2.4 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். முதல் தந்திக்கு இரண்டுக்குள். பிறகு சேடிலைப் பாருங்கள். பிரிட்ஜுக்கு மேல் மூன்று மில்லிமீட்டராவது எலும்பு தெரிந்தால் நிம்மதி. பிரிட்ஜுக்கு முன்னால், முகப்பலகையிலிருந்து தந்திவரை உயரம் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீட்டர் இருப்பது நல்ல அடையாளம். ஒன்பதுக்கு இறங்கியிருந்தால் யாரோ ஏற்கெனவே நிறையத் தேய்த்திருக்கிறார்கள். கடைசியாக, நீளமான எஃகு அளவுகோலை நடுத்தந்திகளுக்கு இடையே ஃப்ரெட்டுகளின் மேல் படுக்கவைத்து பிரிட்ஜை நோக்கித் தள்ளுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேற்பரப்பில் ஏறவேண்டும். பிரிட்ஜின் முன்பக்கத்தில் போய் முட்டினால் கழுத்து சாய்ந்துவிட்டது.

ஒரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் நடுப்புள்ளி. அங்கே ஒரு மில்லிமீட்டர் தாழவேண்டுமானால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்கவேண்டும். என் மாணவியின் கிடாரில் ஆறாம் தந்தி 3.8-இல் நின்றது. 2.4-க்கு வர 1.4 குறையவேண்டும், சேடிலில் 2.8 போகவேண்டும். அவளிடம் இருந்ததோ ஒரு மில்லிமீட்டர்.

மிஞ்சும் வழி ஒன்றுதான்: கழுத்தைக் கழற்றி, அதன் அடியைச் செதுக்கி, புதுக் கோணத்தில் பொருத்துவது. பழைய கிடார்களில் கழுத்து புறாவின் வால்போல விரிந்த மூட்டாக உடலுக்குள் செருகி ஒட்டப்பட்டிருக்கும். பதினைந்தாவது ஃப்ரெட்டை எடுத்து, அந்தக் கோட்டில் ஊசித்துளை போட்டு, நீராவி செலுத்திப் பசையை இளக்குவார்கள். கைதேர்ந்தவர் மட்டுமே தொடவேண்டிய வேலை. சில தொழிற்சாலைகள் நீராவிக்கு இளகாத பசையைப் பயன்படுத்தியிருப்பதால் கூலி இன்னும் ஏறும். எனக்கு ஆன செலவு கிடாரின் விலையையே தாண்டியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டெய்லர் நிறுவனம் 1999 முதல் கொண்டுவந்த, போல்ட்டில் பூட்டும் கழுத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மெல்லிய ஆப்பை மாற்றினால் கோணம் மாறிவிடும்.

விரிசலைக் கண்டு ஓடுவது

முழுமர ரோஸ்வுட் உலர்ந்தால் ரேகையோடு பிளக்கும். விரிசலின் இரு விளிம்பும் ஒரே மட்டத்தில் சேர்ந்து, உள்ளே சிறு மரத்துண்டுகள் ஒட்டி வலுவூட்டப்பட்டிருந்தால் அது முடிந்துபோன கதை. ஒலியில் ஒன்றும் குறையாது. விலையில் குறையும்.

தட்டிப் பார்க்காமல் விடுவது

முகப்பலகையையும் பின்பலகையையும் விரல்முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் சலசலத்தால் அங்கே உள்ளே ஒரு சட்டம் பசை விட்டிருக்கிறது.

“பிரேசிலியன்” என்ற சொல்லுக்கு மயங்குவது

மார்ட்டின் 1969 இறுதியில் பிரேசில் ரோஸ்வுட்டிலிருந்து இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்வது இந்த இந்திய மரத்தைத்தான், கருங்காலி வேறு. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கை 1992-இல் பிரேசில் ரோஸ்வுட்டைத் தன் மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தக் கிடாரை எல்லை தாண்டி விற்கவோ வாங்கவோ முடியாது. 2017-இல் மற்ற எல்லா ரோஸ்வுட் வகைகளும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அந்தப் பயம் பலரிடம் இன்னும் இருக்கிறது. 2019 நவம்பரில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்துவிட்டது, பிரேசில் வகையைத் தவிர. சான்று இல்லாமல் “பிரேசிலியன்” என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். நிறத்தைப் பார்த்து மட்டும் உறுதிசெய்ய முடிகிற விஷயம் அல்ல அது.

மெருகைச் சுரண்டிப் புது வார்னிஷ் பூசுவது

கூடவே கூடாது.

ஈரப்பதத்தை மறப்பது

45 முதல் 55 சதவீதம். பெட்டிக்குள் ஒரு சிறிய அளவுமானி வையுங்கள்.

கழுத்து சாய்ந்தது என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவது

இதுவும் தவறுதான். முகப்பலகை நன்றாகப் பாடுகிறது, மரம் நலமாக இருக்கிறது, கோணம் மட்டும்தான் போயிருக்கிறது என்றால், பழுதுபார்க்கும் கூலியை முன்பே கேட்டறிந்து அதை விலையில் கழித்துப் பேசுங்கள். பெயர் இல்லாத நல்ல ரோஸ்வுட் கிடார்கள் பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான் வாங்க ஆளின்றி மூலையில் கிடக்கின்றன. ஒருமுறை சரியாகக் கோணம் வைத்துவிட்டால் இன்னும் பல ஆண்டுகளுக்குத் தொடவேண்டியதில்லை.

என் மாணவியால் விலையைத் திரும்பப் பேச முடியவில்லை. ஆனாலும் கிடாரைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தாள். நீராவி ஏறிக் கழுத்து அசைந்து வெளியே வந்தபோது அவளும் கூட நின்று பார்த்தாளாம். மூட்டின் உள்ளே, செய்தவர் பென்சிலால் எழுதிய எண் அப்படியே இருந்ததாம். போன வாரம் திரும்ப எடுத்து வந்தாள். புது எலும்பு சேடில், ஆறாம் தந்தி 2.3. அந்தத் தந்தியை ஒரே ஒருமுறை மீட்டிவிட்டுக் கையை எடுத்தாள். ஒலி முழுவதும் அடங்கும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவள் பாடப் புத்தகத்தைத் திறந்தாள்.