பழைய ஸ்ரெப்பர் மோட்டார்களை மில்லிங் மெசினுக்கு இணைத்தல்: நிறத்தை நம்பாமல் அளந்து பார்க்கும் முறை

கிளிநொச்சி, பரந்தன் பக்கங்களில் பழைய இரும்பு வாங்குபவர்களிடம் கழித்துவிடப்பட்ட போட்டோக்கொப்பி இயந்திரங்களும் பெரிய பிறின்ரர்களும் வந்து சேர்வதுண்டு. அவற்றுக்குள் இருக்கும் ஸ்ரெப்பர் மோட்டார்களிற் (ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு சிறு படி அளவே சுழலும் மோட்டார்கள்) பல இன்னும் நல்ல நிலையில் இருப்பவை. மேசையில் வைத்து மரமும் அலுமினியமும் வெட்டக்கூடிய ஒரு சிறிய மில்லிங் மெசினைத் தாமே செய்ய விரும்பும் ஒருவருக்கு, புதிய மோட்டார் வாங்கும் பணத்தை மிச்சப்படுத்த இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இப்படிக் கிடைக்கும் மோட்டாருக்கு விளக்கத்தாள் இராது. எந்த வயர் எதற்கு என்று சொல்ல ஆளும் இராது. ஆகவே மோட்டாரையே கேட்டு அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

நான் முதலில் இணைத்த மோட்டாரை, வேறொரு மோட்டாருக்குரிய நிறப் பட்டியலைப் பார்த்து இணைத்தேன். தண்டு சுழலவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கி, உறுமி, சில நிமிடங்களிற் சூடாகியது. ஒரே அளவுள்ள, ஒரே இயந்திரத்திலிருந்து கழற்றிய இரண்டு மோட்டார்களில்கூட வயர் நிறங்கள் வேறுபட்டிருந்ததைப் பின்னர் கண்டேன். அன்று முதல் நிறத்தை அடையாளத்துக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். எது எதனோடு சேரும் என்பதை அளந்தே தீர்மானிக்கிறேன்.

மோட்டாரைத் தெரிந்தெடுத்தல்

மோட்டாரின் முகத்தட்டு 57 மில்லிமீற்றர் சதுரமாக இருந்தால் அது நேமா 23 எனப்படும் அளவு. சிறிய மில்லிங் மெசினுக்குப் பொருத்தமானது. 42 மில்லிமீற்றர் உள்ள நேமா 17 மரவேலைக்கான மிக இலேசான மெசினுக்கே போதும். பெயர்த்தகட்டில் 1.8 பாகை என்று இருந்தால் ஒரு சுற்றுக்கு 200 படிகள். அதுவே எமக்கு வேண்டியது. 7.5 பாகை என்று குறிக்கப்பட்ட தகரக் கூட்டு மோட்டார்கள் ஒரு சுற்றுக்கு 48 படிகளே தருபவை. அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

துப்புரவு செய்வதற்காக மோட்டாரைத் திறந்து உட்தண்டை வெளியே இழுக்க வேண்டாம். அப்படி இழுத்தால் உள்ளிருக்கும் காந்தம் வலுவிழக்கும். திரும்பப் பூட்டினாலும் பழைய இழுவிசை வராது. வெளியிலுள்ள செம்மண் தூசியைத் துடைப்பதே போதும்.

சுருள்களைக் கண்டுபிடித்தல்

1990களில் வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இந்தப் பகுதி மிக எளிதாக விளங்கும். ஸ்ரெப்பர் மோட்டாரும் ஒரு டைனமோதான். தண்டைச் சுழற்றினால் வயர்களில் மின்னழுத்தம் தோன்றும். ஒரு சுருளின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டபடி தண்டைக் கையாற் சுழற்றினால், தோன்றும் மின்னோட்டமே தண்டைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். இறுக்கத்தை விரல்களே உணரும். வெவ்வேறு சுருள்களின் முனைகளைத் தொட்டால் அந்த இறுக்கம் வராது. கையில் எந்த அளவுகருவியும் இல்லாதவர்கூட இப்படிச் சோடிகளைப் பிரித்துவிடலாம்.

மல்ரிமீற்றர் இருந்தால் 200 ஓம் நிலைக்கு மாற்றி, முதலில் அதன் இரு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அப்போது 0.4 போன்ற ஒரு சிறு எண் தெரிந்தால், பின்னர் எடுக்கும் ஒவ்வோர் அளவிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். இந்த மோட்டார்களின் தடை பெரும்பாலும் சில ஓம்களே என்பதால் இந்தக் கழித்தல் முக்கியமானது. அடுத்து ஒவ்வொரு வயருக்கும் மோட்டாரின் உலோக உடலுக்கும் இடையே அளவுங்கள். எந்த வயராவது உடலோடு தொடர்பு காட்டினால் அந்த மோட்டார் உள்ளே எரிந்தது. அதைப் பயன்படுத்தக் கூடாது.

நான்கு வயர் என்றால் இரண்டு சோடிகள், வேலை முடிந்தது. ஐந்து வயர் மோட்டாரில் நடுமுனைகள் (சுருள்களின் நடுவிலிருந்து எடுக்கப்படும் முனைகள்) உள்ளேயே ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதால், நாம் பயன்படுத்தப்போகும் ட்ரைவருக்கு, அதாவது மோட்டாருக்கு மின்னோட்டத்தைக் கொடுத்துப் படிபடியாக ஓட்டும் கருவிக்கு, அது பொருந்தாது.

ஆறு வயர் மோட்டார்தான் பழைய பொருட்களில் அதிகம் அகப்படுகிறது. இதில் மூன்று மூன்றாக இரு குழுக்கள் இருக்கும். ஒரு குழுவில் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இடையே 2.4 ஓம், வெள்ளைக்கும் சிவப்புக்கும் இடையே 2.4 ஓம், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே 4.8 ஓம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வெள்ளையே நடுமுனை. மஞ்சளையும் சிவப்பையும் மட்டும் இணைத்தால் முழுச் சுருள் வேலை செய்யும்; மெதுவான ஓட்டத்தில் இழுவிசை கூடும், ஆனால் தூண்டல் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் தன்மை) நான்கு மடங்காவதால் வேகம் கூடும்போது விசை விரைவாகக் குறைந்துவிடும். வெள்ளையையும் மற்ற இரண்டில் ஒன்றையும் இணைத்தால் அரைச் சுருள். இழுவிசை சற்றுக் குறைந்தாலும் வேகத்தைத் தாங்கும். 36 வோல்ற் வரையுள்ள பவர் சப்ளைக்கு நான் அரைச் சுருளையே தெரிவுசெய்வேன், ஏனெனில் மேசை விரைவாக நகரும்போது படி தவறினால் வெட்டிக்கொண்டிருக்கும் பொருளே வீணாகிவிடும். எந்த முறையானாலும், இணைக்காமல் விடும் முனையிலும் மின்னழுத்தம் தோன்றும். அதைத் தனியாக மூடி ஒட்டுங்கள்.

எட்டு வயர் மோட்டார் கிடைத்தால் அதை விட்டுவிட வேண்டாம். உழைப்புக் கேட்டாலும் அதுவே மிகச் சிறந்தது. நான்கு சோடிகளைப் பிரித்தபின், எந்த இரண்டு சோடிகள் ஒரே கட்டத்துக்குரியவை, அதாவது ஒரே சுருளாகச் சேர்ந்து வேலை செய்பவை, என்று அறிய வேண்டும். தண்டை ட்றில் மெசினிற் பிடித்து, மெதுவான ஒரே வேகத்திற் சுழற்றி, மல்ரிமீற்றரை ஆடலோட்ட வோல்ற் நிலையில் வையுங்கள். வேகம் கூடினால் மின்னழுத்தம் பல பத்து வோல்ற்றுக்கு ஏறும் என்பதால், வெறும் முனைகளைக் கையாற் தொடாதீர்கள். ஒரு சோடி தனியே 3 வோல்ற் தருகிறது என்று கொள்வோம். அதன் ஒரு முனையை வேறொரு சோடியின் ஒரு முனையோடு இணைத்து, மீதி இரு முனைகளுக்கிடையே அளக்கும்போது ஏறத்தாழ 4.2 வோல்ற் வந்தால் அவை வெவ்வேறு கட்டத்தவை. இன்னொரு சோடியை எடுங்கள். 6 வோல்ற் அல்லது பூச்சியத்துக்கு அண்மையான அளவு வந்தால் அவை ஒரே கட்டத்தவை. பூச்சியம் காட்டும் நிலையில், மீதியாக நிற்கும் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்துவிட்டால் அதுவே சரியான சமாந்தர இணைப்பு. 6 வோல்ற் காட்டும் நிலையில் அப்படி இணைத்தால் இரு சுருள்களும் ஒன்றையொன்று எதிர்க்கும். மோட்டார் சூடாகுமே தவிர இழுக்காது. அறிந்ததையெல்லாம் கொப்பியில் எழுதி, வயர்களிலும் சிறு காகிதச் சுட்டிகளை ஒட்டுங்கள்.

ட்ரைவரும் மின்னோட்டமும்

பெயர்த்தகட்டில் 2.4 வோல்ற், 1.0 அம்பியர் என்று கண்டு, 2.4 வோல்ற் பவர் சப்ளையைத் தேட வேண்டாம். அந்த வோல்ற் எண், சுருளின் தடையையும் அம்பியரையும் பெருக்கி வந்ததே. டிஎம்542, டிபி6600 போன்ற ட்ரைவர்கள் கூடிய மின்னழுத்தத்தை வாங்கி, வெட்டி வெட்டிக் கொடுத்து, மின்னோட்டத்தை நாம் சொன்ன அளவில் நிறுத்துகின்றன. ஆகவே கவனிக்க வேண்டியது அம்பியரையே. ஆறு வயர் மோட்டாரில் அரைச் சுருளுக்குத் தகட்டிலுள்ள அம்பியர்; முழுச் சுருளுக்கு அதன் 0.7 மடங்கு, எட்டு வயர் மோட்டாரின் சமாந்தர இணைப்புக்கு, தகட்டிலுள்ள எண் தனிச் சுருளுக்குரியதாயின், அதன் 1.4 மடங்கு. ட்ரைவரின் மேலுள்ள அட்டவணையைப் பார்த்துச் சிறு சுவிட்சுகளை இதற்கு ஒருபடி குறைவாகவே முதலில் வையுங்கள். பெரும்பாலான மோட்டார்கள் 80 பாகைச் சூட்டைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் தகரக் கொட்டகைக்குள் பகல் வெயிலில் வேலை செய்யும் எமக்கு அந்த எல்லை விரைவில் வந்துவிடும்.

ஒரு சுருளின் இரு முனைகளை ஏ பிளஸ், ஏ மைனஸ் என்ற இடங்களிலும், மற்றதை பி பிளஸ், பி மைனஸ் என்ற இடங்களிலும் பூட்டுங்கள். எந்தச் சுருள் ஏ என்பது பொருட்டல்ல. மின் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் வயரை ஒருபோதும் கழற்றாதீர்கள்; அந்தக் கணத்தில் எழும் மின்னழுத்தம் ட்ரைவரை எரித்துவிடும். நான் ஒன்றை அப்படி இழந்திருக்கிறேன். மெசின் நிறுத்தப்பட்டிருக்கும்போது மேசையைக் கையால் வேகமாகத் தள்ளுவதும் இதே காரணத்தாற் கூடாது: மோட்டார் அப்போது டைனமோவாகி ட்ரைவருக்குள் மின்னை அனுப்பும்.

பவர் சப்ளை

36 வோல்ற் சப்ளை இந்த இரண்டு ட்ரைவர்களுக்கும் பாதுகாப்பானது. மூன்று மோட்டார்களின் அம்பியரைக் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாற் போதும். பல சப்ளைகளின் பக்கவாட்டில் 110, 230 என்று மாற்றும் சிறு சுவிட்சு உண்டு. பிளக்கைச் செருகுமுன் அது 230 இல் நிற்கிறதா என்று பாருங்கள். மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமல், பச்சை மஞ்சள் புவிக்கம்பி. புவிக்கம்பியைச் சப்ளையின் உடலோடு மட்டுமன்றி மெசினின் இரும்புச் சட்டத்தோடும் இறுக்கமாகப் பூட்ட வேண்டும். வீட்டு மின்னிணைப்பில் புவித்தொடுப்பு உண்மையாகவே வேலை செய்கிறதா என்பதை, அனுபவமுள்ள மின்தொழிலாளரைக் கொண்டு உறுதிசெய்த பின்னரே இந்த வேலையைத் தொடருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் இடிமுழக்கம் கேட்டவுடன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

மோட்டாருக்குச் செல்லும் வயர் பல மெல்லிய இழைகளைக் கொண்டதாக இருக்கட்டும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒற்றைக்கம்பி, நகரும் மேசையோடு வளைந்து வளைந்து உடைந்துவிடும். உறையிட்ட கேபிள் என்றால் அதன் வலையைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கத்தில் மட்டும் புவியோடு இணையுங்கள்.

முதல் ஓட்டம்

ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில், மெசினின் அச்சுகளை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளைப் பதிந்தால், படித் துடிப்பு எக்ஸ், வை, இசட் அச்சுகளுக்கு முறையே 2, 3, 4 ஆம் முனைகளிலும், திசை 5, 6, 7 ஆம் முனைகளிலும் வரும். இவற்றை ட்ரைவரின் பல்ஸ் பிளஸ், திசை பிளஸ் இடங்களுக்குக் கொடுத்து, மைனஸ் இடங்களையெல்லாம் யூனோவின் கிரவுண்டோடு சேருங்கள்.

மோட்டாரைத் திருகுதண்டில் இன்னும் பூட்டாமல், தண்டில் ஒரு துண்டு ஒட்டுநாடாவைக் கொடிபோல் ஒட்டி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சுழலாமல் நடுங்கினால் சோடி மாறியிருக்கிறது. மின்னை நிறுத்தி மீண்டும் அளவுங்கள். எதிர்த்திசையில் சுழன்றால் ஒரு சுருளின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்றினாற் போதும்.

ட்ரைவரில் எட்டிலொரு படி வைத்திருந்தால், அதாவது ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால், ஒரு சுற்றுக்கு 1600 துடிப்புகள். 5 மில்லிமீற்றர் புரியிடையுள்ள (ஒரு சுற்றுக்கு அவ்வளவு தூரம் நகர்த்தும்) திருகுதண்டுக்கு ஒரு மில்லிமீற்றருக்கு 320. கடையில் வாங்கும் சாதாரண எம்12 மரைக்கம்பியின் புரியிடை 1.75 மில்லிமீற்றர் என்பதால் 914.286. இந்த எண்ணை ஜிஆர்பிஎல் அமைப்புகளில் எக்ஸ் அச்சுக்கு $100, வை அச்சுக்கு $101, இசட் அச்சுக்கு $102 என்ற இடங்களில் எழுதுங்கள். பின் மேசையை 100 மில்லிமீற்றர் நகரச் சொல்லி, நகர்ந்த தூரத்தை அளவுங்கள். 99.2 என்று வந்தால், எழுதிய எண்ணை 100 ஆற் பெருக்கி 99.2 ஆற் பிரித்து, வரும் எண்ணை மீண்டும் எழுதுங்கள். மூன்று அச்சுகளும் இப்படி ஒத்துவந்தபின், முதல் வெட்டை மென்மரத் துண்டொன்றில் அரை மில்லிமீற்றர் ஆழத்தில் எடுக்கலாம்.