பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்: முதலில் வண்டியை உடம்புக்குப் பொருத்துங்கள், பிறகு கையைப் பழக்குங்கள்

ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் கூடினால், 600 சிசி போதுமா, லிட்டர் பைக்தான் (1000 சிசி வண்டி) வேண்டுமா என்ற வாக்குவாதம் வராமல் இருக்காது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நான்கு சிலிண்டர் 600 சிசி இன்ஜின் 120 குதிரைத்திறன் வரை தந்தாலும் அதன் முழு பலம் 10,000 ஆர்பிஎம்முக்கு மேல்தான் தெரியும். அதற்குக் கீழே சாதுவாகவே போகும். லிட்டர் பைக் அப்படியில்லை, எந்த ஆர்பிஎம்மில் திருகினாலும் இழுக்கும். 1998-ல் வந்த முதல் யமஹா ஆர்1, 998 சிசியில் 150 குதிரைத்திறன் தந்தது. இன்றைய பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர் 200-ஐத் தாண்டிவிட்டது. முதல் கியரிலேயே மணிக்கு 140 கி.மீ. தொடும் வண்டி இது. இன்னும் ஐந்து கியர் பாக்கி இருக்கிறது.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கும்போது என்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. பின்சக்கரம் வழுக்கினால் அது காப்பாற்றும், முன்சக்கரம் தூக்கினால் வீலி கன்ட்ரோல் காப்பாற்றும். ஆனால் வளைவுக்குள் தேவைக்கு மேல் வேகமாக நுழைந்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே முதல் சில வாரங்களுக்கு ரெயின் மோடிலேயே (மழைக்கான மென்மையான பவர் செட்டிங்) ஓட்டுங்கள். பவரைக் குறைப்பதைவிட, ஆக்சிலேட்டரை மென்மையாக்குவதுதான் அதில் முக்கியமான பலன்.

இந்த வண்டிகள் அடங்க மறுப்பதற்குப் பல நேரங்களில் காரணம் குதிரைத்திறன் அல்ல. வேறு யாரோ ஒருவரின் எடைக்கும் கைநீளத்துக்கும் செட் செய்யப்பட்ட வண்டியை அப்படியே ஓட்டுவதுதான். புது சைலன்சருக்குச் செலவழிக்கும் முன் கீழே உள்ளவற்றைச் செய்து முடியுங்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு ஸ்பேனரும் அரை நாளும் போதும்.

கையும் லிவரும்

வண்டியை பேடாக் ஸ்டாண்டில் (பின்சக்கரத்தைத் தூக்கி நிமிர்த்தி நிறுத்தும் ஸ்டாண்ட்) நிறுத்தி, ஓட்டும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்காருங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே நேர்கோட்டில் வரும்படி பிரேக், கிளட்ச் லிவர்கள் சாய்ந்திருக்க வேண்டும். லிவர் மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டு பின்னால் மடங்கும், அரை மணி நேரத்தில் வலி எடுக்கும். கிளாம்ப் போல்ட் இரண்டையும் தளர்த்தி, லிவரைத் திருப்பி, மீண்டும் இறுக்குங்கள். பெரும்பாலான வண்டிகளில் மேல் போல்ட்டை முதலில் இறுக்கிய பிறகுதான் கீழ் போல்ட். பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிரேக் ஆயில் டப்பாவோ ஹோஸோ ஃபேரிங்கில் (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) இடிக்கிறதா என்று பாருங்கள்.

லிவரின் தூரத்தைக் குறைக்கும் டயல் பெரும்பாலான வண்டிகளில் இருக்கும். விரல்கள் எட்டும்படி வைக்கலாம், ஆனால் முழு பலத்தோடு அழுத்தும்போது லிவர் மற்ற விரல்களில் வந்து முட்டக்கூடாது. இரண்டு விரலால் பிரேக் பிடிப்பவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

கேபிள் ஆக்சிலேட்டராக இருந்தால் அதன் தளர்ச்சி (ஃப்ரீ பிளே) 3 முதல் 5 மி.மீ.க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் தளர்ந்திருந்தால், வளைவின் நடுவில் திறக்கும்போது முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு சட்டென்று இழுக்கும். ‘பவர் தாங்கவில்லை’ என்று புலம்பும் பலரின் வண்டியில் கோளாறு இதுதான்.

மணிக்கட்டு வலிக்கு இன்னொரு காரணம் உடம்பின் பாரத்தைக் கைகளில் போடுவது. முழங்கால்களால் டேங்க்கை இறுக்கிப் பிடியுங்கள், வயிற்றுத் தசையால் முதுகைத் தாங்குங்கள், முழங்கைகள் மடங்கித் தளர்வாக இருக்கட்டும். டேங்க்கின் பக்கத்தில் ஒட்டும் ரப்பர் கிரிப் மலிவான பொருள்தான், ஆனால் பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் சரியாமல் தடுப்பதில் அதற்கு ஈடில்லை.

சஸ்பென்ஷன் அமிழ்வு

நீங்கள் ஏறி உட்காரும்போது சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதே அமிழ்வு. இதை அளக்க மூன்று பேர் வேண்டும்: ஓட்டுபவர், வண்டியைப் பிடிப்பவர், டேப்பால் அளப்பவர். பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

1. பின்சக்கர ஆக்சிலுக்கு நேர் மேலே சீட் பக்கத்து ஃபேரிங்கில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு கோடு போடுங்கள்.

2. சக்கரம் தரையில் படாமல் தொங்கும்படி வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, ஆக்சிலிலிருந்து கோடுவரை அளந்துகொள்ளுங்கள். பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தி இதை அளக்கக்கூடாது. அது ஸ்விங் ஆர்மைத்தான் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை) தாங்குகிறது, சஸ்பென்ஷன் அப்போதும் வண்டியின் பாரத்தில் அமுங்கியேதான் இருக்கும்.

3. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஓட்டும் நிலையில் ஏறுங்கள், இரண்டு காலும் ஃபுட்பெக்கில். சீட்டை ஒருமுறை அழுத்தி மெதுவாக விட்டு அளக்கவும். பிறகு சற்றுத் தூக்கி மெதுவாக விட்டு அளக்கவும். உள்ளே உராய்வு இருப்பதால் இரண்டு அளவும் ஒன்றாக வராது, சராசரியை எடுங்கள்.

4. முதல் அளவிலிருந்து சராசரியைக் கழித்தால் வருவதே அமிழ்வு. சாலையில் ஓட்ட பின்னால் 30 முதல் 35 மி.மீ., முன்னால் 35 முதல் 40 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். முன்பக்கத்தையும் இப்படியே அளக்கலாம்.

அதிகம் அமிழ்ந்தால் பிரீலோடைக் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) கூட்டுங்கள், குறைவாக அமிழ்ந்தால் குறையுங்கள். பிரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. அதனால்தான் இன்னொரு அளவும் தேவை: யாரும் ஏறாமல் வண்டி தன் எடையில் மட்டும் பின்னால் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 5 முதல் 15 மி.மீ. வந்தால் சரி. ஆள் ஏறியபோது 35 சரியாக வந்து, ஆளில்லாதபோது கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் போதவில்லை, மாற்ற வேண்டும்.

ரீபவுண்ட் (அமுங்கிய சஸ்பென்ஷன் விரியும் வேகத்தை அடக்குவது), கம்ப்ரஷன் (அமுங்கும் வேகத்தை அடக்குவது) ஸ்க்ரூக்களைத் தொடும் முன், கடிகார முள் திசையில் முழுவதும் மூடும்வரை எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதி வைத்துவிட்டு, பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். மூடும் இடத்தில் அழுத்தித் திருகினால் ஊசி வால்வு பழுதாகும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு கிளிக் மாற்றி ஓட்டிப் பாருங்கள். மேட்டில் ஏறி இறங்கியதும் வண்டி எம்பி எம்பி ஆடினால் ரீபவுண்ட் போதவில்லை. அடுத்தடுத்த மேடுபள்ளங்களில் போகப்போக இறுகிக்கொண்டே வந்தால் ரீபவுண்ட் அதிகம்: சக்கரம் கீழே இறங்கும் முன்பே அடுத்த மேடு வந்துவிடுகிறது.

டயர்

பல ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்கு முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ. உங்கள் வண்டியின் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரே இறுதி. டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளக்க வேண்டும். ஓட்டி முடித்ததும் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு, அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக்கூடாது. டிராக்கில் குறைந்த அழுத்தம் வைப்பதைச் சாலையில் காப்பியடிப்பதும் தப்பு.

ரேஸ் டயர் போட்டால் கிரிப் கூடும் என்ற எண்ணமும் அப்படித்தான். அந்த ரப்பர் பிடிப்பதற்குத் தேவையான சூடு சாலை ஓட்டத்தில் வருவதே இல்லை. மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம். ஸ்போர்ட் டூரிங் டயரே பெரும்பாலானவர்களுக்குப் போதும். புது டயரில் முதல் 150 கி.மீ. வரை அதிகம் சாய்க்காதீர்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2323 என்றால் 2023-ன் 23-வது வாரம் செய்தது.

பிரேக்: அதிகம் பழக வேண்டியது இதுதான்

உலர்ந்த சாலையில், நல்ல டயரோடு, ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு 9 மீட்டர் குறையும்படி பிரேக் பிடிப்பது தேர்ந்த கை. அப்படிப் பிடித்தாலும் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 43 மீட்டர் ஆகும். 200-லிருந்து 171 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. ஆபத்தைக் கண்டு கை அசைவதற்குள் ஒரு நொடி போனால் முன்னதோடு 28, பின்னதோடு 56 மீட்டர் சேரும்.

ஆளில்லாத, மணல் இல்லாத சமதளத்தில் பழகுங்கள். 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை மூடி, முன் லிவரை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்துங்கள்: முதலில் தொட்டு லேசாக, ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) இறங்குவது தெரிந்ததும் பலமாக. பாரம் முன்னால் வந்து டயரைத் தரையில் அழுத்திய பிறகுதான் அந்த டயரால் முழு பிரேக்கைத் தாங்க முடியும். பாரம் வருவதற்குள் வெடுக்கென்று பிடித்தால் ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இருக்கும் வண்டியில் லிவர் துடிக்கும், தூரம் நீளும். நிற்கும்போது, கடைசி இரண்டு மீட்டரில் கொஞ்சம் தளர்த்துங்கள். 40 கைவந்தபிறகு 60, பிறகு 80. கடும் பிரேக்கில் இந்த வண்டிகளின் பின்சக்கரம் தரையில் பட்டும் படாமலும்தான் இருக்கும், ஆகவே அங்கே பின் பிரேக்கை நம்பிப் பயனில்லை.

மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக்தான் துணை. இந்த வண்டிகளின் ஹேண்டில் அதிகம் திரும்பாது. யூ டர்ன் அடிக்கும்போது கிளட்ச்சைப் பாதியில் பிடித்து, ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து, பின் பிரேக்கால் வேகத்தை அடக்குங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்தப் பக்கமே சாயும். 200 கிலோவைக் காலால் நிறுத்த முடியாது. நின்ற இடத்தில் விழுந்து ஃபேரிங் உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

வளைவில்

வலப்பக்கம் திரும்ப, வலது கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள். மெதுவான வேகத்தைத் தாண்டிவிட்டால் எல்லா பைக்கும் இப்படித்தான் சாயும். பெரிய வண்டியில் அதை அறிந்து செய்ய வேண்டும். பிரேக், கியர் வேலையெல்லாம் வளைவுக்கு முன்பே முடியட்டும். உள்ளே நுழைந்ததும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து சீராக வைத்து, வெளியே போகும் வழி தெரிந்தபின் கூட்டுங்கள். நடுவில் பயந்து சட்டென்று மூடினால் பாரம் முன்னால் பாய்ந்து, ஏற்கனவே சாய்ந்திருக்கும் முன்டயரின் மேல் விழும். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும், அதனால் பள்ளத்தையோ எதிரே வரும் லாரியையோ பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்.

வேகம் எடுக்கும்போது மேட்டில் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் இரு பக்கமும் வெட்டினால், கையை இறுக்காதீர்கள். டேங்க்கை முழங்காலால் பிடித்து, கையைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை மெல்லக் குறையுங்கள். இறுக்கிப் பிடிக்கும் கைதான் அந்த ஆட்டத்தை வளர்க்கிறது.

உடுப்பு விஷயத்தில் நீண்ட விளக்கம் தேவையில்லை. ஈசிஇ 22.06 முத்திரையுள்ள ஹெல்மெட், ஈஎன் 1621-2 லெவல் 2 முதுகுக் கவசம் (இரண்டும் ஐரோப்பியப் பாதுகாப்புத் தரங்கள்), கணுக்காலை மூடும் பூட்ஸ், மணிக்கட்டை மூடும் கிளவ்ஸ். இவை வண்டி வாங்கும் பணத்தில் சேர்ந்தவை.

செயினும் மற்றவையும்

இவ்வளவு இழுவையில் முதலில் கெடுவது செயின். 500 முதல் 800 கி.மீ.க்கு ஒருமுறை, ஓட்டி வந்து செயின் சூடாக இருக்கும்போது, மண்ணெண்ணெயில் நனைத்த மென்பிரஷ்ஷால் துடைத்து, உலர்ந்தபின் உள்பக்கமாக செயின் லூப் (மசகு ஸ்பிரே) அடியுங்கள். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். கியரில் ஓடவிட்டுத் துடைக்கப் போய் விரலை இழந்தவர்கள் உண்டு.

தளர்ச்சியை மூன்று நான்கு இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்து செட் செய்யுங்கள். பொதுவாக 25 முதல் 35 மி.மீ., ஆனால் மேனுவலைப் பாருங்கள். அதிகம் இறுக்கினால் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகி, கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். இடமும் வலமும் உள்ள குறிகள் ஒன்றாக இருக்கட்டும். ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்ச்சால்தான் இறுக்க வேண்டும்.

இன்ஜின் ஆயில் ஜாசோ எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி) தரத்தில் இருக்கட்டும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உண்டு. அதே ஆயிலில் ஊறும் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் அந்த ஈரம் கொதித்தால் லிவர் பஞ்சுபோல் ஆகும், ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஓட்டாமல் நிற்கும் வண்டியின் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜரில் போடுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் ஃபேரிங்கைப் பார்ப்பதைவிட, ஹேண்டில் கடைசிவரை திரும்பி முட்டும் அந்தச் சிறு இரும்பு நிறுத்தியைப் பாருங்கள். நசுங்கியோ பெயின்ட் அடித்தோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. புது ஃபேரிங் போட்டவர்கள்கூட அதை மாற்றுவதில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், எதை மறைக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாம் கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கியர் தானாக விலகினால் அந்த வண்டி வேண்டாம். அதைச் சரிசெய்ய இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும்.